உலக அழகிப் போட்டி எப்படி நடத்தப்படுகிறது? உரிமம் முதல் கிரீடம் வரை முழுமையான வழிகாட்டி

உலக அழகி யார் என்பது இறுதி இரவில்தான் முடிவாகிறது என்று டிவி முன்னால் உட்காரும்போது தோன்றும். ஆனால் மேடை விளக்கு எரிவதற்கு முன்பே பாதிக் கணக்கு முடிந்திருக்கும். எந்த நிறுவனத்திடம் எந்த நாட்டின் உரிமம் இருக்கிறது, எந்தக் கண்டத்துக்கு எத்தனை இடம், முந்தைய மூன்று வாரத்தில் எந்தச் சுற்றில் யார் முந்தினார்கள், போட்டியாளர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, இவை எல்லாம் சேர்ந்துதான் கடைசி நான்கு பேரை மேடையில் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

இந்த வழிகாட்டியை மேடை ஏற ஆசைப்படும் பெண்களையும், மகளை அனுப்பலாமா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் பெற்றோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு மிஸ் வேர்ல்டு போட்டியை, அதிலும் நம் பக்கத்து ஊரான ஐதராபாத்தில் 2025 மே மாதம் நடந்த 72-ஆவது போட்டியை எடுத்துக்கொள்கிறேன். தேவைப்படும் இடத்தில் மிஸ் யுனிவர்ஸ், அதாவது பிரபஞ்ச அழகிப் போட்டியையும் தொட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு படியிலும் இரண்டே கேள்விகளைக் கையில் வைத்திருங்கள்: இங்கே செலவு யாருடையது? முடிவு யாருடையது?

தொடங்கும் முன்: போட்டி யாருக்குச் சொந்தம்?

மிஸ் வேர்ல்டை நடத்துவது ஐ.நா. அல்ல, எந்த அரசும் அல்ல. அது லண்டனில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் சொத்து. 1951-இல் பிரிட்டன் முழுக்க நடந்த பெரிய தேசிய விழாவை ஒட்டி, எரிக் மோர்லி என்பவர் லண்டனில் பிகினிப் போட்டி ஒன்றை வைத்தார். ஸ்வீடனின் கிகி ஹாகன்சன் வென்றார். ஒரு தடவையோடு முடிந்திருக்க வேண்டியது, ஆண்டுதோறும் தொடர்ந்தது. மோர்லி 2000-இல் இறந்த பிறகும் போட்டி அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. அவர் மனைவி ஜூலியா மோர்லிதான் தலைவர். ஐதராபாத்தில் நடுவர் குழுவுக்கும் அவரே தலைமை.

மிஸ் யுனிவர்ஸ் கதை வேறு. 1951-ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்கா யோலாண்ட் பெட்பீஸ், நீச்சலுடையில் விளம்பரத்துக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்ட கேட்டலினா என்ற நீச்சலுடை நிறுவனம், அந்தப் போட்டிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்திவிட்டு 1952-இல் சொந்தமாக ஒரு போட்டியைத் தொடங்கியது. அதுதான் மிஸ் யுனிவர்ஸ். 1996 முதல் 2015 வரை டொனால்ட் டிரம்பிடம் இருந்தது. 2022-இல் தாய்லாந்தின் ஜே.கே.என். குழுமம் அதை 2 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு பாதிப் பங்கு மெக்சிகோக்காரர் ஒருவரின் நிறுவனத்துக்குப் போனது.

இந்த வரலாறு எதற்கு என்று கேட்கலாம். விதிகளை எழுதுவது உரிமையாளர் என்பதால்தான். 1952-இல் முதல் மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனவர் சென்னையில் பிறந்த நடனக் கலைஞர் இந்திராணி ரகுமான். அப்போதே அவருக்குத் திருமணமாகி ஒரு மகளும் இருந்தார். பின்னாளில் மணமானவர்களும் தாய்மார்களும் வரக் கூடாது என்று விதி வந்தது. 2023 போட்டியிலிருந்து அந்தத் தடை விலகியது, 2024-இல் மேல் வயது வரம்பும் போனது. மிஸ் வேர்ல்டில் மணமாகாதவர், தாயாகாதவர் என்ற நிபந்தனை தொடர்ந்து வந்திருக்கிறது. ஆகவே ‘அழகிப் போட்டி விதி’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்தப் போட்டி, எந்த ஆண்டு என்று பார்த்துத்தான் விண்ணப்பம் போட வேண்டும்.

படி 1: நாட்டு உரிமம்

நம் சினிமாவில் ஏரியா உரிமை விற்பதைப் போலத்தான் இது. தலைமை நிறுவனம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவரிடம் உரிமம் கொடுக்கிறது. அவர் அந்த நாட்டின் தேசிய இயக்குநர். போட்டியின் பெயரைப் பயன்படுத்தவும், அந்த நாட்டுப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பவும் அவருக்கு மட்டுமே உரிமை. உரிமத்துக்குப் பணம் கட்டுவதும், உள்நாட்டில் ஸ்பான்சர் பிடிப்பதும், தேர்வான பெண்ணைப் பயிற்சி கொடுத்து அனுப்புவதும் அவர் பொறுப்பு.

இந்தியாவில் மிஸ் வேர்ல்டு உரிமம் ஃபெமினா மிஸ் இந்தியாவிடம் இருந்துவருகிறது. 1964-இல் தொடங்கிய போட்டி அது. ஒரு காலத்தில் மிஸ் யுனிவர்ஸ் உரிமமும் அவர்களிடமே இருந்தது. அதன் பலனை 1994-இல் பார்த்தோம். தேசியப் போட்டியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சமமாக நின்று, கூடுதல் கேள்வி கேட்டு சுஷ்மிதாவைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலிடத்துக்காரர் மணிலாவுக்குப் போய் பிரபஞ்ச அழகியானார். இரண்டாமிடத்துக்காரர் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டிக்குப் போய் உலக அழகியானார். 2000-இலும் அதேதான்: லாரா தத்தா சைப்ரஸில், பிரியங்கா சோப்ரா லண்டனில். ஒரே தேர்விலிருந்து இரண்டு பேர் இரண்டு போட்டிக்குப் போகும் வழி அன்றைக்கு இருந்தது.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது. மிஸ் யுனிவர்ஸ் இந்தியா உரிமம் 2010-க்குப் பிறகு கை மாறிக்கொண்டே வந்து, 2024 முதல் கிளமானந்த் குழுமத்திடம் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி ஒப்பந்தம். ஒன்றில் கையெழுத்துப் போட்டவர் இன்னொன்றுக்கு எப்போது போகலாம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

இங்கே பெற்றோர் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் ‘இன்டர்நேஷனல்’, ‘யுனிவர்சல்’ என்ற பெயரோடு போட்டிகள் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம், போட்டோ ஷூட் கட்டணம், மேக்கப் கட்டணம் என்று தனித்தனியாகக் கறக்கிறார்கள். கடைசியில் ஒரு சாஷும் (தோளில் குறுக்காக மாட்டும் பெயர்ப் பட்டை) ஒரு சான்றிதழும் மிஞ்சுகின்றன. பணம் கட்டும் முன், ‘உங்களிடம் எந்த உலகப் போட்டியின் உரிமம் இருக்கிறது? இங்கே ஜெயித்தால் எங்கே அனுப்புவீர்கள்?’ என்று எழுத்தில் கேளுங்கள். தலைமை அமைப்பின் இணையப் பக்கத்தில் அந்தத் தேசிய இயக்குநரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

படி 2: நாட்டுத் தேர்வு

ஃபெமினா மிஸ் இந்தியாவில் 2017 முதல் மாநிலத்துக்கு ஒருவர் என்ற முறை வந்தது. தமிழ்நாட்டுப் பெண்களுக்கு அதனால் நல்லதே நடந்தது என்பது என் கருத்து. மும்பை, டெல்லி மாடலிங் வட்டாரத்துக்குள் நுழையாமலேயே தேசிய மேடைக்குப் போக ஒரு வாசல் திறந்தது. மறு ஆண்டே திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ், சென்னை லயோலா கல்லூரி மாணவியாக இருந்தபோது மிஸ் இந்தியா பட்டம் வென்றார். சீனாவின் சான்யாவில் நடந்த உலகப் போட்டியில் முதல் 30 பேரில் ஒருவராக வந்தார்.

உடைச் செலவைப் பற்றித்தான் எல்லா வீட்டிலும் முதல் பேச்சு. சுஷ்மிதா சென் 1994 மிஸ் இந்தியா மேடையில் போட்ட வெள்ளை கவுனைப் பற்றி அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். டெல்லி சரோஜினி நகர் சந்தையில் துணி வாங்கி, வீட்டுப் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தது அது. கையுறைக்குப் புது சாக்ஸை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்தார்கள். 1966-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக உலக அழகிப் பட்டம் வென்ற ரீட்டா ஃபாரியா, மும்பையில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். இரவல் சேலையும் இரவல் நீச்சலுடையுமாக லண்டனுக்குப் போனவர். இன்று உடைக்கு வடிவமைப்பாளர்களின் ஆதரவு கிடைக்கிறது, ஆனால் அது தேசியப் பட்டம் கிடைத்த பிறகுதான். அதற்கு முந்தைய கட்டத்தில் கடன் வாங்கி லட்சக்கணக்கில் கவுன் தைக்க வேண்டியதில்லை. உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே ஒரு கவுன், அதைப் போட்டுக்கொண்டு படி ஏறி இறங்கிப் பழகிய கால், இவை இரண்டும் போதும்.

இன்னொன்று, காத்திருப்பு. நந்தினி குப்தா 2023 ஏப்ரலில் இம்பாலில் மிஸ் இந்தியா ஆனார். உலகப் போட்டி மேடையில் நின்றது 2025 மே மாதம். 71-ஆவது போட்டி தள்ளித் தள்ளி 2024 மார்ச்சில் நடந்ததால் அவர் முறை வர இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பட்டப்படிப்பின் எந்த ஆண்டில் விண்ணப்பிப்பது என்பதை இதையும் சேர்த்து யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தகுதி விதிகளில் எதையும் மறைக்காதீர்கள். 1974-இல் வென்ற பிரிட்டனின் ஹெலன் மோர்கன், குழந்தை இருப்பது செய்தியாகி நான்கே நாளில் விலகினார். 2018-இல் மிஸ் உக்ரைன் வெரோனிகா திதுசென்கோ, தாய் என்பதால் பட்டம் பறிக்கப்பட்டு, பிறகு அந்த விதியை எதிர்த்து வழக்கே போட்டார். விதி நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். குழந்தை பெற்றவள் ஓராண்டு உலகம் சுற்ற முடியுமா முடியாதா என்பதை அவளே சொல்லட்டும். ஆனால் விதி இருக்கும்வரை, சண்டையை விண்ணப்பத்துக்கு முன்னால் போட வேண்டும். கிரீடம் வைத்த பிறகு போட்டால் அடி முழுவதும் அந்தப் பெண் மேல்தான் விழுகிறது. 2021-இல் கொழும்பு நெலும் பொக்குண அரங்கில், மணமானவர்களுக்கான ‘மிஸஸ் ஸ்ரீலங்கா’ மேடையில் புஷ்பிகா டி சில்வாவின் தலையிலிருந்து, விவாகரத்தானவர் என்று சொல்லி, கிரீடத்தைப் பிடுங்கியதை உலகமே பார்த்தது. அவர் விவாகரத்து ஆனவர் அல்ல என்று அமைப்பாளர்கள் சொல்லிக் கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தகுதியைச் சரிபார்க்கும் வேலை மேடைக்கு முன்பே காகிதத்தில் முடிந்திருந்தால் அந்தக் காட்சிக்கே இடம் இருந்திருக்காது.

படி 3: எந்த ஊரில் நடத்துவது?

தலைமை நிறுவனம் ஊரைத் தேடுகிறது, ஊர்கள் போட்டியைத் தேடுகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுக் கேமராக்கள் ஒரு மாதம் தங்கள் ஊரைக் காட்டும் என்பதற்காகச் சுற்றுலாத் துறைகள் பணம் போடுகின்றன. ஐதராபாத் போட்டிக்கு மொத்தச் செலவு 54 கோடி ரூபாய், அதில் பாதி தெலங்கானா தரப்பு, மீதி மிஸ் வேர்ல்டு நிறுவனம் என்றும், மாநிலத்தின் பங்கையும் ஸ்பான்சர்கள் மூலம் திரட்டுவதாகவும் அரசு சொன்னது. எதிர்க்கட்சிகள் இந்தச் செலவைக் கடுமையாக விமர்சித்தன. பொதுப்பணம் தொடும் இடத்தில் அந்தக் கேள்வி வரத்தான் வேண்டும்.

பணம் இருந்தால் மட்டும் போதாது. 1996-இல் அமிதாப் பச்சனின் ஏ.பி.சி.எல். நிறுவனம் பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் மிஸ் வேர்ல்டை நடத்தியது. விவசாயச் சங்கம், மகளிர் அமைப்புகள், இடதுசாரிகள், வலதுசாரிகள் எல்லோரும் வெவ்வேறு காரணத்துக்காக எதிர்த்தார்கள். மதுரையைச் சேர்ந்த ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்றை இந்தியாவில் நடத்த முடியாமல் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான போலீஸ் காவலோடு நவம்பர் 23 அன்று இறுதிச் சுற்று முடிந்தது, கிரீஸ் நாட்டுப் பெண் வென்றார். நடத்திய நிறுவனத்துக்குப் பெருத்த நஷ்டம்.

2002 அதைவிடக் கொடுமை. முந்தைய ஆண்டு நைஜீரியாவின் அக்பானி டாரேகோ வென்றதால் போட்டி அந்த நாட்டுக்குப் போனது. ஒரு பத்திரிகைக் கட்டுரையைத் தொடர்ந்து கடுனா நகரில் கலவரம் வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவசர அவசரமாகப் போட்டியை லண்டனுக்கு மாற்றினார்கள்.

ஆக, ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அரங்கு, ஓட்டல், விமான நிலையம் இவற்றோடு இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்: உள்ளூர் எதிர்ப்பு எங்கிருந்து வரும், எல்லை நிலவரம் என்ன, திடீரென்று நிறுத்தினால் மாற்று ஏற்பாடு என்ன. ஐதராபாத் தொடக்க விழா நடந்த 2025 மே 10, இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை நிறுத்தம் அறிவித்த அதே நாள். ஐ.பி.எல். ஆட்டங்களையே அந்த வாரம் நிறுத்திவைத்திருந்தார்கள். மிஸ் வேர்ல்டு மட்டும் கச்சிபௌலி அரங்கில் குறித்த நாளில் தொடங்கியது. முன்பு மிஸ் வேர்ல்டு நடந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் நிலைமை நேர் எதிர்: 2021 டிசம்பர் 16 அன்று, இறுதிச் சுற்றுக்குச் சில மணி நேரம் முன்னால் கொரோனா பரவலால் நிறுத்தினார்கள். அதுவரை தேர்வான 40 பேரை மட்டும் மூன்று மாதம் கழித்து, 2022 மார்ச் 16 அன்று மீண்டும் வரவழைத்து முடித்தார்கள்.

படி 4: மூன்று வாரம் ஊரில்

பொதுவாக விமானச் செலவு தேசிய இயக்குநருடையது. ஊரில் இறங்கிய பிறகு தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து நடத்துபவர் பொறுப்பு. ஐதராபாத்துக்கு 108 நாட்டுப் பெண்கள் வந்தார்கள். காலையில் எழுந்து சாஷ் மாட்டினால் இரவு வரை நிகழ்ச்சிதான். நாகார்ஜுனசாகர் புத்தவனம், சார்மினார், லாட் பஜார் வளையல் கடைகள், வாரங்கல், ராமப்பா கோயில், யாதகிரிகுட்டா, போச்சம்பள்ளி நெசவாளர்கள் என்று பஸ்ஸில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

டிவியில் சுற்றுலா மாதிரித் தெரியும் இந்த நாட்களில் நடுவர்களும் அமைப்பாளர்களும் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறார், தறி முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் நூலைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா, கேமரா திரும்பியதும் முகம் மாறுகிறதா, இதெல்லாம் கண்ணில் படும். மே மாத தெலங்கானா வெயிலில் மேக்கப்போடு சிரித்துக்கொண்டு நிற்பது லேசான காரியம் இல்லை. அனுபவசாலிகள் இரண்டு ஜோடி செருப்பு கொண்டுபோவார்கள்: படத்துக்கு ஹீல்ஸ், பஸ்ஸுக்குத் தட்டையானது.

நடத்துபவர் கண்ணியம் காக்க வேண்டிய கட்டமும் இதுதான். ராமப்பா கோயிலில் போட்டியாளர்களின் கால் கழுவ உள்ளூர்ப் பெண்கள் தண்ணீர் ஊற்றிய படம் வெளியானபோது எழுந்த கோபம் நியாயமானது. வரவேற்பு என்ற பெயரில் ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணின் காலடியில் உட்கார வைத்தால், ஊருக்கு எந்தப் பெருமை வந்து சேரும்? அதே போட்டியில் மிஸ் இங்கிலாந்து பாதியில் விலகி ஊர் திரும்பினார். ஸ்பான்சர்களை மகிழ்விக்கச் சொன்னது போல உணர்ந்ததாக அவர் பேட்டி கொடுத்தார். அமைப்பு மறுத்தது. மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, அவருக்குப் பதிலாக இரண்டாமிடத்துப் பெண் வந்தார். அதே ஆண்டு நவம்பரில் தாய்லாந்தில் நடந்த மிஸ் யுனிவர்ஸில், விளம்பரப் பதிவுகள் போடவில்லை என்று மெக்சிகோவின் ஃபாத்திமா போஷை உள்ளூர் அமைப்பாளர் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். போஷ் எழுந்து வெளியேறினார், அப்போதைய பிரபஞ்ச அழகி உட்படப் பலரும் கூடவே எழுந்து போனார்கள். கடைசியில் வென்றவரும் போஷ்தான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஸ்பான்சர் நிகழ்ச்சிகள் எத்தனை, இரவு விருந்துகளில் யாரோடு உட்கார வேண்டும், சமூக ஊடகத்தில் என்ன பதிவு கட்டாயம் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். அவசரத்துக்குக் கூப்பிட அமைப்புக்கு வெளியே ஒரு ஆள், அந்த ஊரில் நம் தூதரக எண், திரும்பி வர டிக்கெட் எடுக்கும் அளவுக்குக் கையில் பணம், இந்த மூன்றும் இல்லாமல் மகளை அனுப்பாதீர்கள்.

படி 5: வேகச் சுற்றுகள்

மிஸ் வேர்ல்டு தனித்து நிற்பது இதில்தான். ஃபாஸ்ட் டிராக் என்று சொல்வார்கள். இறுதி இரவுக்கு முன்பே தனித்தனிப் போட்டிகள் நடக்கும். ஜெயித்தவர் முதல் 40 பேரில் நேராக இடம் பிடிப்பார். ஐதராபாத்தில் ஆறு இருந்தன: விளையாட்டு, திறமை, டாப் மாடல், மல்டிமீடியா, நேருக்கு நேர், ‘நோக்கத்தோடு கூடிய அழகு’.

விளையாட்டில் எஸ்டோனியாவும், திறமையில் பியானோ வாசித்த இந்தோனேசியாவும் வென்றன. டாப் மாடலில் ஆசியா-ஓசியானியா இடத்தைப் பிடித்தவர் நந்தினி குப்தா. மல்டிமீடியாவில் அதே கண்டத்துக்கு வென்றவர் தாய்லாந்தின் ஓபல் சுசாதா சுவாங்ஸ்ரீ. கடைசியில் கிரீடம் வாங்கியவர் அவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். மல்டிமீடியா என்றால் சமூக ஊடகத்தில் எவ்வளவு பேரைச் சென்றடைந்தார் என்ற கணக்கு. இதில் மக்கள்தொகையும் ரசிகர் பட்டாளமும் உள்ள நாட்டுக்குச் சாதகம் உண்டு, மறுப்பதற்கில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நேருக்கு நேர் சுற்று. 2017-இல் வந்தது. மேடையில் கவுன் இல்லை, இசை இல்லை. சுருக்கமாக ஒரு விஷயத்தைப் பேசி நிற்க வேண்டும். ஐதராபாத்தில் டி-ஹப் வளாகத்தில் நடந்தது. பேச்சுப் பழக்கம் உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அது குறையல்ல. மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைவிடத் தெளிவாகச் சொன்ன தாய்மொழி எடுபடும்.

‘நோக்கத்தோடு கூடிய அழகு’ திட்டத்தை ஜூலியா மோர்லி 1972-இல் தொடங்கினார். ஒவ்வொருவரும் தான் செய்யும் சமூகப் பணியைக் காட்ட வேண்டும். 2017-இல் வென்ற மானுஷி சில்லர் மாதவிடாய்ச் சுகாதாரத்தை எடுத்துக்கொண்டார். ஓபலுக்குப் பதினாறு வயதில் மார்பகத்தில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. புற்றுநோய்க் கட்டி இல்லை என்றாலும் அந்தப் பயத்திலிருந்துதான் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பணியைத் தொடங்கினார். இரண்டிலும் ஓர் ஒற்றுமை உண்டு: அவர்களுக்கு நேரடியாகத் தெரிந்த விஷயம். போட்டிக்கு மூன்று மாதம் முன்னால் அநாதை இல்லத்துக்குப் போய்ப் பிஸ்கட் கொடுத்து எடுத்த படங்கள் இந்தச் சுற்றில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். இரண்டு ஆண்டு செய்த வேலை, கணக்கு வழக்கு, பயனடைந்தவர்கள், இவை வேண்டும்.

படி 6: மதிப்பெண் கணக்கு

ஐதராபாத்தில் உலகத்தை நான்காகப் பிரித்தார்கள்: அமெரிக்கா-கரீபியன், ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா-ஓசியானியா. கண்டத்துக்குப் பத்து பேராக 40. அந்தப் பத்தில் நாலைந்து இடம் வேகச் சுற்று வெற்றியாளர்களாலேயே நிரம்பிவிடும், மீதி நடுவர் நேர்காணல் முதலியவற்றால். 40 பேர் கண்டத்துக்கு ஐந்தாகச் சுருங்கி 20. பிறகு கண்டத்துக்கு இரண்டாக 8. பிறகு கண்டத்துக்கு ஒருவராக 4. நான்கு பேருக்கும் கடைசிக் கேள்வி, அதோடு முடிவு.

இந்தக் கணக்கு தெரியாமல் டிவி பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நந்தினி குப்தா முதல் 20-க்கு வந்தார். 8-க்குள் வரவில்லை. ஆசியாவுக்கு இருந்த இரண்டு இடத்தைப் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் எடுத்துக்கொண்டன. அதாவது அவர் எதிர்த்துப் போட்டியிட்டது போலந்தையோ எத்தியோப்பியாவையோ அல்ல. அழகிப் போட்டியை ஊர்த் திருவிழாவாகக் கொண்டாடும் பிலிப்பைன்ஸும் தாய்லாந்தும் ஒரே வரிசையில் நின்றதுதான் சிக்கல். இறுதியில் தாய்லாந்து முதலிடம், எத்தியோப்பியா இரண்டு, போலந்து மூன்று, மார்ட்டினிக் நான்கு. கண்டத்துக்கு ஒருவர் என்ற முறை எல்லாருக்கும் இடம் தருகிறது, அதே நேரம் பலமான கண்டத்தில் பிறந்தவருக்குக் கதவைக் குறுக்குகிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீச்சலுடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மிஸ் வேர்ல்டு அந்தச் சுற்றைக் கைவிடுவதாக 2014 டிசம்பரில் அறிவித்தது. மிஸ் யுனிவர்ஸ் இன்னும் வைத்திருக்கிறது. 1970-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெண் விடுதலை இயக்கத்தினர் மேடை நோக்கி மாவுப் பொட்டலம் வீசினார்கள். பெண்களை மாட்டுச் சந்தையில் போல அளக்கிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதே இரவில்தான் கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன் முதல் கறுப்பின உலக அழகியானார். அன்றைய எதிர்ப்பும் அன்றைய வெற்றியும் இரண்டுமே இந்தப் போட்டியை மாற்றின என்றே நினைக்கிறேன்.

நடுவர் தீர்ப்பில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது. 2025 மிஸ் யுனிவர்ஸில் ஒமர் ஹர்ஃபூஷ் என்ற நடுவர், முதல் 30 பேரை ரகசியக் குழு முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்லி விலகினார். அமைப்பு அதை மறுத்தது. எந்தச் சுற்றுக்கு எவ்வளவு மதிப்பெண், யார் போட்டது, யார் கூட்டியது என்பதை வெளியாள் தணிக்கை செய்து வெளியிட்டால் இந்தச் சர்ச்சைக்கே இடமிருக்காது.

படி 7: இறுதி இரவு

நேரலை நிகழ்ச்சியில் பெரிய எதிரி நேரம். 108 பேர் பெயரும் நாடும் சொல்ல ஆளுக்குப் பத்து வினாடி என்றாலே 18 நிமிடம் போய்விடும். அதனால்தான் அறிமுகத்தைக் கூட்டு நடனத்தோடு சேர்க்கிறார்கள், நீளமான சுற்றுகளை முந்தைய நாட்களில் முடித்துவிடுகிறார்கள். ஒத்திகையில் யார் எந்தப் பக்கம் நுழைவது, எந்த வரிசையில் நிற்பது, பெயர் வராவிட்டால் எந்த வழியாக இறங்குவது என்பதுவரை நடக்கும். மேடைத் தரையில் ஒட்டிய டேப் குறிகளைப் பார்க்காமலே காலால் உணரும்வரை பழக வேண்டும்.

முடிவு அறிவிக்கும் அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 20, லாஸ் வேகாஸ், மிஸ் யுனிவர்ஸ். தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி கொலம்பியாவின் பெயரைச் சொன்னார். அரியாட்னா கூட்டியர்ரெஸ் தலையில் கிரீடம் வைத்தாயிற்று, கொடி அசைத்தாயிற்று. சில நிமிடத்தில் ஹார்வி திரும்பி வந்து, வென்றவர் பிலிப்பைன்ஸின் பியா வுர்ட்ஸ்பாக் என்றார். அந்த அட்டையில் இரண்டாம், முதல் ரன்னர்-அப் (அதாவது மூன்றாம், இரண்டாம் இடத்தவர்) பெயர்கள் இடது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வென்றவர் பெயர் வலது கீழ் மூலையில். அவசரத்தில் கண் இடது பக்கத்தோடு நின்றுவிடும். நீங்கள் கல்லூரியில் நடத்தினாலும் சரி, இந்த ஒன்றைச் செய்யுங்கள்: ஓர் இடத்துக்கு ஓர் அட்டை, வென்றவர் அட்டை தனி நிறத்தில், பெரிய எழுத்தில், மேடைக்குப் பின்னால் கணக்குப் பார்த்தவரின் கையில் ஒரு நகல்.

படி 8: கிரீடத்துக்குப் பிறகு

‘ஓராண்டுப் பட்டம்’ என்பது பெயரளவில்தான். 2019 டிசம்பரில் வென்ற ஜமைக்காவின் டோனி-ஆன் சிங், கொரோனாவால் 2022 மார்ச் வரை கிரீடத்தை வைத்திருந்தார். அந்தக் காலம் முழுவதும் பயணம், நிதி திரட்டல், ஸ்பான்சர் வேலைகள் எல்லாம் அமைப்பின் சொற்படிதான்.

ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முடியும் தேதி எழுதியிருக்கிறதா, அடுத்த போட்டி தள்ளிப்போனால் என்ன, விளம்பர வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, படத்தை எத்தனை ஆண்டு பயன்படுத்தலாம், எந்தக் காரணத்துக்குப் பட்டத்தைப் பறிக்கலாம் என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். 1973-இல் வென்ற அமெரிக்காவின் மார்ஜோரி வாலஸிடமிருந்து 104 நாளில் பட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ரீட்டா ஃபாரியா தன் கடமைகளை முடித்துவிட்டு, வந்த சினிமா, மாடலிங் வாய்ப்புகளை ஒதுக்கிவிட்டு, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார். ஒப்பந்தத்துக்கு முடிவு தேதி இருந்தால்தான் அப்படி ஒரு முடிவெடுக்க முடியும்.

இரண்டாமிடம், மூன்றாமிடம் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஓபல் சுசாதா 2024 மிஸ் யுனிவர்ஸில் மூன்றாவது ரன்னர்-அப், அதாவது நான்காமிடம். மிஸ் வேர்ல்டுக்கு வந்ததும் அந்தப் பட்டத்தை மிஸ் யுனிவர்ஸ் அமைப்பு திரும்பப் பெற்றுக்கொண்டது. 1974-இல் ஹெலன் மோர்கன் விலகியதும் தென்னாப்பிரிக்காவின் அன்னலீன் கிரீல் உலக அழகியானார். 1980-இல் ஜெர்மனியின் கேப்ரியெல்லா புரும் 18 மணி நேரத்தில் விலகியபோது, குவாம் தீவின் கிம்பர்லி சாண்டோஸுக்குப் பட்டம் போனது. அதனால் மகள் இரண்டாமிடத்தோடு வீடு திரும்பினாலும், அடுத்த போட்டி முடியும்வரை பாஸ்போர்ட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும் வீட்டிலேயே வைத்திருங்கள்.